தோட்டப்புறப் பள்ளியில் முகக்கவரி: கேமரன் மலையில் அந்த விவாதம் ஏன் வேறு மாதிரி இருந்தது?

2025 அக்டோபரில் மலேசியப் பள்ளிகளில் இன்ஃபுளுவென்சா வேகமாகப் பரவியது. சுமார் 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கல்வித் தலைமை இயக்குநர் முகமட் அசாம் அகமட் அறிவித்தார். சில பள்ளிகள் மூடப்பட்டன. முகக்கவரி அணிய மாணவர்களை ஊக்குவிக்கும்படி பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது.

உடனே பழைய கேள்வியும் திரும்பி வந்தது. "மறுபடியும் மாஸ்க்கா? கட்டாயமா, இல்ல நம்ம இஷ்டமா?"

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய விவாதம் இது. ஒரு பக்கம் "பிள்ளைங்க பாதுகாப்புதான் முக்கியம்" என்றார்கள். இன்னொரு பக்கம் "சின்னப் பிள்ளைங்க எப்படி ஆறு மணி நேரம் போட்டுக்கிட்டு உட்காருவாங்க?" என்றார்கள். இரண்டும் நியாயமான பேச்சுதான். ஆனால் கோலாலம்பூரில் 40 பேர் உட்காரும் வகுப்பறையை மனதில் வைத்துப் பேசிய பேச்சு அது. பஹாங் மாநிலத்தின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் சிறிய தமிழ்ப்பள்ளிக்கு அதே விதி வந்தபோது கேள்விகள் வேறாக இருந்தன. முகக்கவரியை யார் வாங்கிக் கொடுப்பது, துவைத்தால் எப்படிக் காய வைப்பது, வீட்டில் இருக்கும் பாட்டிக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் அவை.

மலைமேல் பள்ளி

கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது தானா ராத்தா. இந்த மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கேமரன் வேலி தேயிலையின் பாரத் நிறுவனம் 1933-இல் வந்தது. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள்.

தோட்டத்துக்குள் பள்ளி வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தோட்டப் பெயரோடு தமிழ்ப்பள்ளிகளும் நிலைத்தது அந்தக் காலத்தின் தொடர்ச்சிதான்.

இன்று நிலைமை மாறிவிட்டது. கொழுந்து பறிப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். பல தமிழ்க் குடும்பங்கள் தானா ராத்தா, ரிங்லெட், பிரிஞ்சாங் பக்கம் குடியேறி, காய்கறித் தோட்டம், தங்கும் விடுதி, கடை, லோரி என்று வேறு வேலைகளுக்குப் போய்விட்டன. சில பிள்ளைகள் லயத்திலிருந்து நடந்து வருவார்கள். சிலர் வளைவு வளைவான மலைப்பாதையில் வேனில் வருவார்கள். மாணவர் எண்ணிக்கை 150-க்கும் குறைவாக இருந்தால் கல்வியமைச்சின் கணக்கில் அது 'குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளி'. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் இந்தப் பட்டியலில் வருபவை.

இங்கேயே முதல் முரண்பாடு தொடங்குகிறது. ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும்போது, நகரத்துப் பெரிய பள்ளிக்குப் போட்ட அதே விதி எதற்கு? கேட்கிற கேள்வி சரிதான். ஆனால் அந்த ஏழெட்டுப் பேரும் பள்ளிக்கு வந்து சேர்வது ஒரே வேனில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து.

விதி வந்த விதம்

மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. தேர்வு எழுதும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஜூன் 24-இல் திரும்பினார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஜூலை நடுப்பகுதியிலிருந்து படிப்படியாக வந்தார்கள். அப்போது மாணவர்களுக்கு முகக்கவரி என்பது பெரும்பாலும் ஊக்குவிப்பாக இருந்ததே தவிர, கண்டிப்பாக இல்லை.

2020 ஆகஸ்ட் 1 முதல், நெரிசலான பொது இடங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் முகக்கவரி கட்டாயமானது. மீறினால் 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1,000 ரிங்கிட் அபராதம். 2021 மார்ச் 11 முதல், அவசரகாலச் சட்டத்தின்படி தனிநபருக்கான அதிகபட்ச அபராதம் 10,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இந்தப் பயம் பள்ளிக்குள்ளும் நுழைந்தது. உண்மையில் தலைமையாசிரியர் யாருக்கும் அபராதம் போட முடியாது. அவர் கையில் இருந்தது கல்வியமைச்சின் வழிகாட்டி மட்டும்தான். ஆனால் அடுத்தடுத்த வழிகாட்டிகளில் முகக்கவரி கட்டாயமாக இறுகிக்கொண்டே வந்தது.

இடையில் பள்ளிகள் பலமுறை மூடித் திறந்தன. 2021 அக்டோபர் 3 முதல் மீண்டும் கட்டம் கட்டமாகத் திறந்தபோது ஒரு வினோதமான நிலை உருவானது. நோய்க்குப் பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பப்படாது, பள்ளிக்குத் தெரிவித்தால் போதும் என்று கல்வியமைச்சு சொன்னது. அதாவது பள்ளிக்கு வருவது பெற்றோர் விருப்பம், ஆனால் வந்தால் முகக்கவரி கட்டாயம். இணைய வசதி நன்றாக இருக்கும் வீட்டுக்கு இது உண்மையான தேர்வு. மலையிடுக்கில் கைப்பேசி சமிக்ஞை தேடி மேடு ஏற வேண்டிய வீட்டுக்கு அப்படி இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி கிடையாது.

ஒரு கணக்கு

முகக்கவரி பற்றிய பேச்சில் அதிகம் விடுபட்டது பணம்.

2020 ஆகஸ்ட் 15 முதல் மூன்றடுக்கு முகக்கவரி ஒன்றின் உச்சவரம்பு விலை 1.20 ரிங்கிட். அதற்கு முன் 1.50. அதே ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 1,200 ரிங்கிட். மற்ற இடங்களில் 1,100. கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் கீழ் இருப்பதால் இங்கே 1,100.

பள்ளிக்குப் போகும் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 20 பள்ளி நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்றால் 72 ரிங்கிட். ஈரமானால் மாற்ற வேண்டும் என்ற சுகாதார ஆலோசனையைப் பின்பற்றி இரண்டு கொடுத்தால் 144 ரிங்கிட். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் அது சம்பளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். இது உச்சவரம்பு விலையில் போட்ட கணக்கு. பின்னாளில் பெட்டியாக வாங்கியவர்களுக்கு விலை வெகுவாக இறங்கியது என்பதும் உண்மை. ஆனால் விதி இறுகிய முதல் மாதங்களில், தோட்டத்து மளிகைக் கடையில் ஒன்றிரண்டாக வாங்கிய குடும்பத்துக்கு இதுதான் நிலவரம்.

இதனால்தான் ஒரே முகக்கவரியை மூன்று நாள் போடுவதும், பெரியவர்கள் அளவில் இருப்பதைப் பிள்ளைக்கு முடிச்சுப் போட்டு மாட்டுவதும் நடந்தன. ஏழு வயதுப் பிள்ளையின் முகத்தில் பெரியவர் அளவு முகக்கவரி பக்கவாட்டில் இடைவெளி விட்டு நிற்கும். விதி காப்பாற்றப்படும், பாதுகாப்பு பாதிதான்.

துணி முகக்கவரி மலிவு, துவைத்துப் போடலாம் என்பது சரி. ஆனால் கேமரன் மலையில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இங்கே துணி ஒரு ராத்திரியில் காயாது. இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும் குளிரில் துவைத்துப் போட்ட பள்ளிச் சட்டையே காலையில் ஈரமாக இருக்கும். ஈர முகக்கவரியைப் போட்டால் மூச்சு விடுவது கடினம், வடிகட்டும் திறனும் குறையும். வெயில் அடிக்கும் கிள்ளானில் இது ஒரு பிரச்சினையே இல்லை.

குளிருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காற்றோட்டம்தான் வகுப்பறையில் தொற்றைக் குறைக்கும் முக்கியமான வழி. சமவெளியில் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிடலாம். இங்கே பனி இறங்கும் காலையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் நடுங்குவார்கள். ஜன்னல் மூடிய அறையில் முகக்கவரியின் தேவை கூடுகிறது. ஆக, முகக்கவரி போடச் சிரமமான அதே இடத்தில்தான் அதன் தேவையும் அதிகம். இதை இரண்டு தரப்புமே அதிகம் பேசவில்லை.

'ழ' யாருக்குத் தெரிந்தது?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எழுப்பிய கவலை எழுத்தும் ஒலியும் பற்றியது. 2021-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் மார்ச் 1-ஆம் தேதிதான் முதன்முறையாக வகுப்பறைக்கு வந்தார்கள். ஆசிரியரின் பாதி முகத்தை மட்டும் பார்த்துத்தான் அவர்கள் 'அ, ஆ' கற்கத் தொடங்கினார்கள்.

"வாயைப் பார்க்காம ல, ள, ழ எப்படி வரும்?" என்பது பரவலாகக் கேட்ட கேள்வி. கொஞ்சம் நுணுகிப் பார்த்தால் விஷயம் வேறு. ல, ள, ழ மூன்றும் நாக்கின் வேலை. உதட்டைப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. உதட்டில் தெரியும் ஒலிகள் ப, ம, வ போன்றவை. 'மணி' என்றதும் 'பனி' என்றதும் முகக்கவரிக்குள்ளிருந்து வந்தால் கடைசி வரிசைப் பிள்ளைக்குக் குழப்பம் வரலாம். முகக்கவரி உயர் அதிர்வெண் ஒலிகளையும் மங்கச் செய்கிறது; ச, ஸ போன்றவை தெளிவிழக்கும்.

அப்படியென்றால் 'ழ' பற்றிய கவலை வீணா? இல்லை. பிரச்சினை எதிர்த்திசையில் இருந்தது. பிள்ளை 'பலம்' என்கிறதா, 'பழம்' என்கிறதா, நாக்கை எங்கே வைக்கிறது என்பதை ஆசிரியரால் பார்க்க முடியவில்லை. திருத்தம்தான் தடைப்பட்டது. காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்கும் பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது இரட்டிப்புச் சிரமம். வீட்டில் தமிழ், வேன் ஓட்டுநரிடம் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்குத் தமிழ் ஒலிகளை ஒழுங்காகத் திருத்திச் சொல்லும் இடம் பெரும்பாலும் அந்த வகுப்பறை ஒன்றுதான்.

எதிர்த்தரப்பின் பதில் என்ன? பள்ளி மூடிக்கிடந்தால் இந்தப் பாதி வகுப்பும் கிடையாதே என்பதுதான். அதுவும் உண்மை. முகக்கவரியோடு நடக்கும் பாடத்தை முகக்கவரி இல்லாத பாடத்தோடு மட்டும் ஒப்பிடுவது சரியல்ல. 2021-இல் அதற்கு மாற்றாக இருந்தது மூடிய பள்ளியும், பிப்ரவரியில் தொடங்கிய டிடிக் தொலைக்காட்சியும், விட்டு விட்டு வரும் இணையமும்தான்.

வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி

பிள்ளைகளுக்குக் கோவிட் பெரும்பாலும் லேசாகத்தான் வந்தது. "அப்போ ஏன் அவங்களுக்கு மாஸ்க்?" என்ற வாதத்தின் பலம் அதில்தான். ஆனால் லயத்து வீட்டில் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருப்பது சாதாரணம். அப்பா அம்மா வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்ப்பது ஆயா. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள வயது. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் மலைப்பாதையில் தாப்பா பக்கமோ ஈப்போ பக்கமோ இறங்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 26-இல் மலேசியாவில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று பதிவானது. 12 முதல் 17 வயதினருக்குத் தடுப்பூசி அந்த செப்டம்பரில்தான் தொடங்கியது. 5 முதல் 11 வயதினருக்கு 2022 பிப்ரவரி 3-இல்தான் வந்தது. அதுவரை தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முகக்கவரியும் இடைவெளியும் கை கழுவுவதும் தவிர வேறு தடுப்பு இல்லை. அந்த ஆறேழு மாதத்தில் கட்டாயம் என்றதைக் குறை சொல்வது கடினம் என்றே தோன்றுகிறது. கேள்வி அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றியது.

உலகமே ஒத்துப்போகவில்லை

இந்த விவாதம் முடியாமல் இழுத்ததற்கு ஒரு காரணம், நிபுணர் அமைப்புகளே ஒரே வயதைச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்ட் 21-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 5 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு முகக்கவரி தேவையில்லை என்றன. 12 வயதுக்கு மேல் பெரியவர்களைப் போலவே. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமோ 2 வயதிலிருந்தே அணியச் சொன்னது. இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு வகுப்பறையில் முகக்கவரி பரிந்துரைக்கப்படவில்லை. இந்தியாவின் சுகாதார அமைச்சு 2022 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனத்தை ஒட்டியே, 5 வயதுக்குட்பட்டோருக்கு வேண்டாம் என்றது.

6 முதல் 11 வயதுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொன்னதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நேரடியாக 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் தொற்று எவ்வளவு? பிள்ளையால் சரியாக அணிய முடியுமா? முகக்கவரி கிடைக்குமா, துவைக்க, மாற்ற வசதி உண்டா? பார்த்துக்கொள்ளப் பெரியவர் உண்டா? படிப்பைப் பாதிக்குமா? வீட்டில் முதியவர் உண்டா? இவற்றை வைத்து முடிவு செய்யுங்கள் என்றது. தோட்டப்புறப் பள்ளியைப் பார்த்து எழுதியது போன்ற கேள்விகள். ஆனால் நாடு முழுமைக்கும் ஒரே விதி போடும்போது இந்தக் கேள்விகளைக் கேட்க இடமில்லாமல் போகிறது. விதியைப் புரிந்துகொள்வதும் கண்காணிப்பதும் எளிது என்ற லாபம் இருக்கிறது; விலை, குளிர், ஈரம் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன.

ஆய்வுகளும் இரு பக்கமும் கை காட்டின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2022 பிப்ரவரியில் பள்ளிக் கட்டாயத்தை நீக்கியது. நீக்கிய பள்ளி மாவட்டங்களில், தொடர்ந்து கடைப்பிடித்த பாஸ்டன், செல்சி மாவட்டங்களோடு ஒப்பிட்டால், 15 வாரங்களில் 1,000 மாணவர், ஊழியருக்குச் சுமார் 45 தொற்று கூடுதலாகப் பதிவானது என்றது நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 6 வயதிலிருந்து கட்டாயம், 5 வயதுக்கு இல்லை. இரு வயதினரையும் ஒப்பிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. இரண்டுமே கண்காணிப்பு ஆய்வுகள். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. சரியாகப் பொருந்தும் நல்ல முகக்கவரி துளிகளைத் தடுக்கும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை நாள் முழுக்க அப்படி அணியுமா என்பதில்தான் சந்தேகம்.

விருப்பம் என்று ஆன பிறகு

2022 மே 1 முதல் வெளிப்புறங்களில் முகக்கவரி கட்டாயமில்லை. திடலில் கழற்றலாம், வகுப்பில் போட வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 7-இல் சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் கட்டடங்களுக்குள்ளும் அதை விருப்பத்துக்கு விட்டார். வகுப்பறைகளுக்கும் தளர்வு வந்தது. அண்டை நாடான சிங்கப்பூர் ஆகஸ்ட் 29-இல்தான் இதே முடிவை எடுத்திருந்தது. மருத்துவமனைகளிலும் பொதுப் போக்குவரத்திலும் கட்டாயம் தொடர்ந்தது. பொதுப் போக்குவரத்தில் 2023 ஜூலையில்தான் அது நீங்கியது.

கட்டாயம் போனதும் சண்டை போய்விடவில்லை, இடம் மாறியது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் அம்மா, மற்றவர்களும் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் "அதான் அரசாங்கமே வேணாம்னு சொல்லிடுச்சே" என்பார். சிறிய பள்ளியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கடிந்து பேசிவிட்டு, சாயங்காலம் கோயிலில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். விதி இருந்தபோது கோபம் அமைச்சின் மேல் போனது. விதி போனதும் அது தலைமையாசிரியர் மேலும், அண்ணன் மேலும், மைத்துனர் மேலும் விழுந்தது.

இப்போது உங்கள் பிள்ளைக்கு?

இன்றைய நிலையில் ஆரோக்கியமான பிள்ளை வகுப்பில் முகக்கவரி அணிவது கட்டாயமில்லை. காய்ச்சல், இருமல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருப்பதே முதல் வழி. முகக்கவரி மாட்டி அனுப்பிவிடலாம் என்று நினைப்பது அதற்கு ஈடாகாது. சளி மட்டும் மீதமிருந்தால் சிறுவர் அளவு முகக்கவரி, பையில் மாற்றுக்கு இன்னொன்று. ஓடி விளையாடும்போது கழற்றிவிட வேண்டும். ஈரமானால் தூக்கிப் போட வேண்டும். வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால் வேனில் மட்டுமாவது போடச் சொல்வது பயனுள்ளது, ஏனென்றால் பள்ளி நாளில் பிள்ளைகள் மிக நெருக்கமாக இருப்பது அந்த நேரத்தில்தான். குளிரானாலும் வேன் ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைக்கும்படி ஓட்டுநரிடம் கேட்கலாம்.

அடுத்த முறை கட்டாயம் என்று ஓர் உத்தரவு வந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கம் முதல் நாளே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த முகக்கவரியைப் பள்ளி தருமா, தோட்ட நிர்வாகம் தருமா, இல்லை மறுபடியும் வீட்டுச் சம்பளத்திலிருந்துதானா?